எடை மூணும் வேற, டைட்டர் மட்டும் எப்படி ஒண்ணு?

லேப் டெக்னீஷியன் ட்ரெயினிங்குக்கு வர்ற பசங்க முதல் நாளே கேக்கறது "ஹெச்பிஎல்சி எப்ப சொல்லித் தருவீங்க"ன்னுதான் (கலவைல எது எவ்ளோ இருக்குன்னு பிரிச்சுக் காட்டற மெஷின் அது). தப்பில்ல, அது தெரிஞ்சாதான் சம்பளம் ஏறும்னு யாராவது சொல்லி அனுப்பியிருப்பாங்க. ஆனா நான் முதல் மாசம் முழுக்க பேலன்ஸ், பிப்பெட், பியூரெட் (கரைசல சொட்டுச் சொட்டா விடற, கோடு போட்ட குழாய்), நோட்புக் இந்த நாலத் தாண்டி எதையும் தொட விடறதில்ல, முதுகுக்குப் பின்னாடி திட்டறது காதுல விழுந்தாலும் சரி. ஹெச்பிஎல்சிக்கு ஸ்டாண்டர்டு, அதாவது ஒப்பிட்டுப் பாக்கற பொருள, எடை போடப்போறதும் அதே கைதானே, அங்க சறுக்கினா எவ்ளோ பெரிய மெஷினும் அந்தத் தப்பையே அழகா பிரிண்ட் போட்டுக் குடுத்துரும்.

போன பேட்ச்ல ஒரு தம்பி. சோடியம் ஹைட்ராக்சைட ஸ்டாண்டர்டைஸ் பண்ண, அதாவது அந்தக் கரைசலோட சரியான செறிவக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தேன். அந்த வில்லைங்கள 4 கிராம் எடை போட்டு ஒரு லிட்டர்ல கரைச்சா செறிவு (நார்மாலிட்டி) சரியா 0.1 நார்மல்னு புக்ல கணக்கு வரும், ஆனா பாட்டில் மூடியத் திறந்த நிமிஷத்துல இருந்தே அது காத்துல இருக்கற ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கும், அதனால அந்த 4 கிராம நம்ப முடியாது. நம்பறது பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்ட, சுருக்கமா கேஹெச்பி. 110 டிகிரில காயவச்சு, டெசிகேட்டர்ல (ஈரம் புகாத மூடின பாத்திரம்) ஆறவிட்டு, அரை கிராம் போல எடுத்தா போதும், மூலக்கூறு எடை 204.22.

இந்த "போல"ங்கறதுலதான் பாதிப் பேர் மாட்டுவாங்க. சரியா 0.5000 வரணும்னு ஸ்பாட்சுலாவால ஒரு துளி போட்டு ஒரு துளி எடுத்து கால் மணி நேரம் பேலன்ஸ் முன்னாடி மல்லுக்கட்டி, கடைசில மிஞ்சினத பாட்டிலுக்குள்ளயே திருப்பிக் கொட்டிருவாங்க (அதோட அந்த பாட்டில் மொத்தமும் சந்தேகக் கேஸ்). 0.5012 வந்தா 0.5012ன்னு எழுதிட்டுப் போங்கப்பா, கணக்கு போடத்தான் கால்குலேட்டர் இருக்கே.

அந்தத் தம்பி எடையெல்லாம் ஒழுங்காத்தான் போட்டிருந்தான். 0.5012, 0.5087, 0.4968. பக்கத்துல டைட்டர், அதாவது அந்த கேஹெச்பியோட சரியா வினை முடிய பியூரெட்ல இருந்து இறங்கின சோடியம் ஹைட்ராக்சைட் எத்தனை எம்எல்ங்கறது, மட்டும் 24.30, 24.30, 24.30.

நான் நோட்புக்க அவன் பக்கம் திருப்பி வச்சு, "எடை மூணும் வேற வேற, அப்புறம் பியூரெட் மட்டும் எப்படிப்பா ஒரே இடத்துல நின்னுச்சு?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் மெதுவா, "காலேஜ்ல ரீடிங் ஒண்ணா வந்தாதான் சார் மார்க்கு"ன்னான். அவனையும் குத்தம் சொல்ல முடியாது. காலேஜ்ல ஒரே கரைசல்ல இருந்து 20 எம்எல் பிப்பெட்ல எடுப்போம், அங்க ரீடிங் ஒத்துப் போகணும்தான். இங்க ஒவ்வொண்ணும் தனித்தனியா எடை போட்டது, எடை கூடினா டைட்டரும் கூடியே ஆகணும், ஒத்துப் போக வேண்டியது கடைசில வர்ற நார்மாலிட்டி. அதுவுமில்லாம பியூரெட்ல கோடு 0.1 எம்எல்லுக்கு ஒண்ணுதான், ரெண்டாவது டெசிமல் நம்ம கண்ணு போடற மதிப்பு, ஒரு சொட்டே கிட்டத்தட்ட 0.05 எம்எல். மூணு தடவையும் இம்மி பிசகாம வந்தா எனக்கு சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும்.

நானும் யோக்கியன் இல்ல. ட்ரெயினியா இருந்தப்ப க்ரூசிபிள் (சூடு பண்ற சின்னக் கிண்ணம்) ஆறறதுக்கு முன்னாடியே பேலன்ஸ்ல வச்சுட்டேன், சூட்டுக்கு மேல காத்து எழும்பி எடை குறைவா காட்டுச்சு, நெறைய நேரம் கழிச்சு வச்சப்ப வேற எண். முதல் எண்ண டிஷ்யூ பேப்பர்ல எழுதி வச்சிருந்தேன், கசக்கிப் போட்டுட்டேன். சீனியர் குப்பைத்தொட்டில இருந்து அத எடுத்து நோட்புக்லயே ஒட்ட வச்சாரு. துண்டுச் சீட்டுல எழுதறது, ஒயிட்னர் பூசறது, எண்ணு மேலயே எண்ணு எழுதறது மூணும் ஆடிட்ல ஒரே குத்தம். தப்புன்னா ஒரே கோடு, அடில இருக்கறது படிக்கத் தெரியணும், பக்கத்துல காரணம், கையெழுத்து, தேதி.

பாதுகாப்பு பத்தி எல்லாரும் மணிக்கணக்கா க்ளாஸ் எடுப்பாங்க, ஆசிட்டத்தான் தண்ணில ஊத்தணும்ங்கறதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் பாக்கற வரைக்கும் ஜனங்க அசால்ட்டா விடறது ரெண்டு. ஒண்ணு க்ளவுஸ். 1996ல டார்ட்மத் காலேஜ் வேதியியலாளர் கேரன் வெட்டர்ஹான் கைல டைமெத்தில் மெர்குரி சில சொட்டு சிந்துச்சு, போட்டிருந்த லேடெக்ஸ் க்ளவுஸ அது சுலபமா தாண்டிருச்சு, அடுத்த வருஷம் ஜூன்ல இறந்துட்டாங்க. அவங்க அனுபவசாலி. நாம தினமும் போடற நைட்ரைல் க்ளவுஸே அசிட்டோனுக்குத் தாங்காது, நனைஞ்சா உடனே கழட்டிருங்க. இன்னொண்ணு வேஸ்ட் பாட்டில். நைட்ரிக் ஆசிட் கழிவையும் மெத்தனால் மாதிரி சால்வென்ட்டையும் ஒண்ணா ஊத்தி மூடிய இறுக்கினா உள்ள கேஸ் உண்டாகி பாட்டில் வெடிக்கும், அதுவும் ஊத்தினவங்க வீட்டுக்குக் கிளம்பினப்புறமாக்கூட. லேபிள் இல்லாத பாட்டில்ல எதையும் ஊத்தாதீங்க. கண்ணுல எதுவும் பட்டா ஐவாஷ்ல முழுசா 15 நிமிஷம், அது எங்க இருக்குன்னு கண்ண மூடிட்டு நடந்து பாத்து வச்சுக்கோங்க.

அந்தத் தம்பி மறுநாள் புதுசா எடை போட்டு திரும்ப பண்ணான். 0.5105, 0.4990, 0.5048. டைட்டர் 24.75, 24.20, 24.45. நார்மாலிட்டி 0.1010, 0.1010, 0.1011. முந்தின பக்கத்துல அந்த மூணு 24.30 மேலயும் ஒரே கோடு, பக்கத்துல காரணம்ங்கற இடத்துல "ரீடிங் பாக்காம எழுதினது"ன்னு இருந்துச்சு, கீழ கையெழுத்து, தேதி.