குடிமதிப்பா, மக்கள்தொகைக் கணக்கெடுப்பா?

டிசம்பர் பிறந்தால் போதும். "அகஸ்டஸ் சீசர் உலகம் முழுக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தினார், அதனால்தான் யோசேப்பும் மரியாளும் பெத்லகேமுக்குப் போனார்கள்" என்ற வாக்கியம் இணைப்பிதழ், யூடியூப், வாட்ஸ்அப் என்று எல்லா வழியாகவும் வந்து சேரும். நம்புகிறவர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள். "இதெல்லாம் வரலாறே இல்லை" என்று மறுக்கிறவர்களும் அதே சொல்லைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இரு தரப்பும் ஒத்துப்போகிற ஒரே இடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்ற இந்தத் தவறான சொல்தான்.

இந்தக் கதை வருவது லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில். அங்கே இருக்கும் கிரேக்கச் சொல் அபோகிராஃபே. பட்டியலில் எழுதிப் பதிதல் என்று பொருள். ரோமர் இதைச் சொன்ன லத்தீன் சொல் கென்சுஸ். ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த சென்சஸ் அதுதான். அதன் வேர்வினை கென்சேரே, அதாவது மதிப்பிடு. கென்சோஸ் என்று கிரேக்கத்துக்குப் போனபோது அது வரியையே குறித்தது. இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசருக்கு, வரி கொடுப்பது நியாயமா என்று மத்தேயு 22:17இல் கேட்கிறார்களே, அங்கே மூலத்தில் இருப்பது இந்தச் சொல்.

இனிப் பழைய தமிழ் வேதாகமத்தைப் பாருங்கள்: "குடிமதிப்பு எழுதப்படவேண்டும்." மதிப்பில் லத்தீன் சொல்லின் பொருள் வந்துவிட்டது, எழுதுவதில் கிரேக்கச் சொல்லின் பொருள் வந்துவிட்டது. இவ்வளவு கச்சிதமான ஆக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மக்கள்தொகை என்று திருத்தியவர்களுக்கு என்ன குறை தெரிந்ததோ!

ஒன்றை ஊகிக்கலாம். இன்று மதிப்பு என்றால் மரியாதை என்றும் ஆகிறது. குடி என்றாலோ நினைவு நேராக டாஸ்மாக் பக்கம் போகிறது. குடிமகன் என்ற நல்ல சொல்லே கேலிக்கு ஆளாகிவிட்டது. சரி, அதற்காகக் குடியுரிமையையும் குடியரசையும் விட்டுவிட்டோமா? சொத்து மதிப்பு, கண்மதிப்பு எல்லாம் இன்றும் புழங்குகின்றன. இலங்கையில் இந்த வேலையைச் செய்யும் அரசுத் துறைக்கே தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் என்றுதான் பெயர். மதிப்பு என்ற சொல் அங்கே யாரையும் குழப்பவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றதும் நம் மனத்தில் எழுவது வேறொரு காட்சி. வீட்டுக்கு வரும் பள்ளி ஆசிரியர், படிப்பு என்ன, கழிப்பறை உண்டா என்ற கேள்விகள், பிறகு வெளியாகும் புள்ளிவிவரம். யாருக்கும் இழப்பில்லை. ரோமன் மாகாணத்தில் நடந்தது அதுவல்ல. நிலம் எவ்வளவு, வீட்டில் யார் யார், இவர்களிடமிருந்து எவ்வளவு வசூலிக்கலாம் என்று எழுதி வைக்கும் வேலை அது. "ரோமரும் தலை எண்ணினார்களே" என்று கேட்கலாம். எண்ணினார்கள்தான். அகஸ்டஸ் தன் சாதனைப் பட்டியலிலேயே மூன்று தொகைகளைத் தருகிறார்: கி.மு. 28இல் 40,63,000, கி.மு. 8இல் 42,33,000, கி.பி. 14இல் 49,37,000. ஆனால் இவையெல்லாம் ரோமன் குடியுரிமை பெற்றவர்களின் கணக்கு. நாசரேத்துத் தச்சன் யோசேப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாகாணங்களில் அந்தந்த இடத்துக்கு, அந்தந்தக் காலத்தில், தனித்தனியாகவே பதிவு நடந்தது. பேரரசு முழுவதற்கும் ஒரே ஆணையில் ஒரு பதிவு நடந்ததாக லூக்காவுக்கு வெளியே சான்று கிடையாது.

யூதேயாவில் நடந்தது எது என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். யூதேயாவின் அரசனாயிருந்த ஏரோதின் மகன் அர்கெலாவை கி.பி. 6இல் பதவியிலிருந்து இறக்கி, யூதேயாவை ரோமின் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தார்கள். சிரியாவின் ஆளுநராக வந்த குயிரினியு அங்குள்ள சொத்துகளை மதிப்பிட்டார், அர்கெலாவின் உடைமைகளை விற்றார். உடனே கலிலேயன் யூதா என்பவன் கிளர்ந்தெழுந்தான். இது அடிமைத்தனத்துக்கு முதல் படி என்றான். அப்போஸ்தலர் 5:37இலும் இவன் வருகிறான். இந்த இடத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று போட்டுப் பாருங்கள். ஆளெண்ணிக்கைக்காக ஒருவன் ஏன் கலகம் செய்ய வேண்டும் என்று வாசகர் விழிப்பார். குடிமதிப்பு என்று போட்டால் அந்தக் கேள்வியே எழாது.

அப்புறம், பிறப்புக் கதையின் வரலாற்றுச் சிக்கலும் சரியான சொல்லை வைத்தால்தான் தெளிவாகத் தெரியும். மத்தேயுவின்படி இயேசு பிறந்தது ஏரோது உயிரோடிருந்த காலத்தில். லூக்காவும் தன் கதையை ஏரோதின் நாட்களில்தான் தொடங்குகிறார். ஏரோது இறந்தது கி.மு. 4 என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணக்கு. ஆனால் லூக்கா பெயர் சொல்லிக் குறிப்பிடும் குயிரினியுவின் குடிமதிப்பு கி.பி. 6. இடையில் ஏறக்குறைய பத்து ஆண்டு. ஏரோதின் கடைசிக் காலத்தில் சிரியாவை ஆண்டவர்கள் சாத்துர்னினுவும் வாருவும். மேலும் ஏரோது தன் நாட்டில் தானே வரி வாங்கிய அரசன். அவன் குடிகளை ரோம் நேரடியாக மதிப்பிட்டதாகச் செய்தி இல்லை. கி.பி. 6இலும்கூடக் நாசரேத்து இருக்கும் கலிலேயா, ஏரோதின் இன்னொரு மகன் அந்திப்பாவின் கையில்தான் இருந்தது, ஆக நாசரேத்துக்காரர் யூதேயாவின் பதிவுக்குள் வரமாட்டார்.

பயணத்தின் சங்கதி இன்னும் மோசம். வரிக்காகப் பதிகிறவன் ஆள் எங்கே குடியிருக்கிறான், நிலம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பான். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த மூதாதை தாவீதின் ஊர் என்பதற்காகப் பெத்லகேமுக்குப் போய்ப் பதியச் சொல்ல மாட்டான். இதற்கு மறுப்பாக எகிப்துப் பாப்பிரஸ் ஏடு ஒன்றை எல்லாரும் காட்டுகிறார்கள். கி.பி. 104இல் அங்கே ஆளுநராயிருந்த விபியு மக்சிமு, வீடுவாரிப் பதிவு வருவதால் வெளியே தங்கியிருப்பவர்கள் தங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று விட்ட ஆணை அது. திரும்பச் சொன்னது சொந்த வீட்டுக்கு. மூதாதையின் ஊர் என்ற பேச்சே அதில் இல்லை. மத்தேயுவுக்கோ இந்தப் பயணமே தேவைப்படவில்லை. அவர் கதையில் குடும்பம் முதலிலிருந்தே பெத்லகேமில், ஒரு வீட்டில் இருக்கிறது. எகிப்துக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் நாசரேத்துக்குக் குடிபோகிறது. லூக்கா நாசரேத்தில் தொடங்குவதால், அங்கிருந்து அவர்களைப் பெத்லகேமுக்குக் கொண்டுவர அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணமாகத்தான் குடிமதிப்பு வருகிறது என்றே எனக்குப் படுகிறது.

பெயர்ப்பதிவு என்று எழுதுவோரும் உண்டு. கிரேக்கத்துக்குப் பொருந்தும், ஆனால் பத்திரப்பதிவு அலுவலகமும் வேலைவாய்ப்பு அலுவலகமும்தான் கண்ணில் வருமே தவிர, வரி வராது. சென்சஸ் என்று அப்படியே எழுதினால் மறுபடியும் 2011இல் வந்த ஆசிரியரைத்தான் நினைப்போம்.

இன்னொரு குறும்பும் நடக்கிறது. லூக்காவின் "முதலாம் குடிமதிப்பு" என்பதை "குயிரினியுவுக்கு முன் நடந்த குடிமதிப்பு" என்று திருப்பினால் ஆண்டுச் சிக்கல் தீர்ந்துவிடும் என்கிறார்கள் சில விளக்கவுரைக்காரர்கள். முதலாம் என்பதற்கான கிரேக்கச் சொல் வேறு தொடர்களில் முன் என்று பொருள் தருவதுண்டுதான். ஆனால் இங்கே "குயிரினியு ஆண்டுகொண்டிருக்கையில்" என்ற தொடர் பக்கத்திலேயே நிற்கிறது. சிக்கல் மூலத்தில் இருந்தால் மொழிபெயர்ப்பிலும் அது இருக்கட்டும். அதைத் தீர்த்துவைக்க மொழிபெயர்ப்பாளரை யாரும் அழைக்கவில்லை.

பழைய மொழிபெயர்ப்பில் நான் மாற்றச் சொல்வது ஆளுநரின் பெயரை மட்டும்தான். அதில் அவர் சிரேனியு. சிலுவை சுமந்த சீமோனின் ஊர் சிரேனே. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர், ஆளுநரும் அந்த ஊர்க்காரர்போல என்று எண்ணிக்கொள்ள வாய்ப்புண்டு. குரேனியு என்றோ குயிரினியு என்றோ எழுதிவிட்டால் தீர்ந்தது.