மேல் எகிப்தா, தென் எகிப்தா?

"மேல் எகிப்தின் மன்னர் நார்மர் கீழ் எகிப்தை வென்றார்." எகிப்திய வரலாறு தமிழில் தொடங்குகிற இடமெல்லாம் இந்த வாக்கியம்தான். படித்த பிள்ளையிடம் வரைபடத்தைக் கொடுத்துப் படை போன வழியைக் காட்டச் சொல்லுங்கள்; வரைபடத்தில் மேலே இருக்கும் வடக்கிலிருந்து தெற்கே அம்புக்குறி போடும். நடந்ததோ நேர்மாறு.

நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. ஆற்றோட்டப்படி மேல் என்பது தெற்கு: அஸ்வானிலுள்ள முதல் பாறைத்தடையிலிருந்து கெய்ரோவுக்கு அருகே இருந்த பழைய தலைநகர் மெம்ஃபிஸ் பக்கம் வரை நீளும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. (அதை 'முதல் நீர்வீழ்ச்சி' என்பது இன்னொரு கூத்து. அங்கே ஆறு விழவில்லை, கருங்கல் பாறைகளுக்கு நடுவே புகுந்து பாய்கிறது.) கீழ் என்பது வடக்கு: ஆறு கிளைபிரிந்து மத்தியதரைக் கடலில் கலக்கும் கழிமுகம். கிரேக்கர் மேல்நாடு, கீழ்நாடு என்றார்கள். ஐரோப்பிய மொழிகள் அதையே எடுத்துக்கொண்டன. சொல்லின் பிறப்பு அவ்வளவுதான்.

சிக்கல் தமிழில் தொடங்குகிறது. நமக்கு மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. கல்யாணியை ஆண்டவர் மேலைச் சாளுக்கியர், வேங்கியை ஆண்டவர் கீழைச் சாளுக்கியர். இது தெரிந்தும் 'மேல் எகிப்து கொச்சையாக இருக்கிறது, மேலை எகிப்து என்போம்' என்று திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். செம்மையாக்குவதாக நினைத்துத் திசையையே மாற்றிவிடுகிறார்கள். எகிப்தில் நைலுக்கு மேற்கே ஒரு பாலைவனம், கிழக்கே ஒரு பாலைவனம். அவற்றை மேலைப் பாலைவனம், கீழைப் பாலைவனம் என்றுதானே சொல்ல வேண்டும்? நார்மரின் வெற்றியைச் செதுக்கிய புகழ்பெற்ற கற்பலகைக்கான கல் வாதி ஹம்மாமாத்திலிருந்து, அதாவது கீழைப் பாலைவனத்திலிருந்து வந்தது. பலகை கிடைத்த ஹீராகோன்போலிஸ் 'மேலை எகிப்தில்' இருக்கிறது. ஒரே பத்தியில் கீழை என்றால் கிழக்கு, மேலை என்றால் தெற்கு! வாசகர் என்ன பாவம் செய்தார்?

'உயர் எகிப்து, தாழ் எகிப்து' இன்னும் மோசம். நிலத்தின் பெயர் சாதிப்பட்டம் போல் ஒலிக்கிறது.

தென் எகிப்து, வட எகிப்து என்று எழுதினால் போதும். 'மூலச்சொல்லின் பொருள் போய்விடுமே' என்பார்கள். எது மூலம்? எகிப்தியர் தெற்கைத் தா-ஷெமாவு என்றும் வடக்கைத் தா-மெஹு என்றும் அழைத்தார்கள். இரண்டிலும் மேலும் இல்லை, கீழும் இல்லை. மெஹு என்பது அவர்களின் வடக்கைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. தெற்குக்கும் வடக்குக்கும் மன்னர் என்னும் அரசப்பட்டமான நெசு-பிதியில் இருப்பவை தெற்கைக் குறிக்கும் கோரைப்புல்லும் வடக்கைக் குறிக்கும் தேனீயும். அவர்கள் தெற்கைப் பார்த்து நின்று திசை சொன்னவர்கள்; இடது, கிழக்கு இரண்டுக்கும் ஒரே வேர். அவர்களின் சித்திர எழுத்தில் தெற்கே போவதை எழுத, பாய் விரித்த படகு. வடக்கே போவதை எழுத, பாய் இல்லாத படகு. காற்று வடக்கிலிருந்து வீசும், நீரோட்டம் வடக்கே இழுக்கும்.

திசை பிசகினால் எகிப்து அரசின் தோற்றக் கதையே குலைந்துவிடும். மன்னராட்சிக்கு முந்தைய நகாடா பண்பாடு கி.மு. 4000 வாக்கில் தெற்கே தொடங்கி, கி.மு. 3500-க்குப் பின் வடக்கே பரவுகிறது. கெய்ரோவுக்குத் தெற்கே கெர்சாவிலும், பிறகு கழிமுகத்தின் கிழக்கே மின்ஷாத் அபு ஓமரிலும் அந்தப் பாணிக் கல்லறைகள் வருகின்றன; கழிமுகத்து ஊரான பூத்தோவில் உள்ளூர்ப் பானைகள் மறைந்து நகாடா பாணிப் பானைகள் இடம்பிடிக்கின்றன. கி.மு. 3100-ஐ ஒட்டி நார்மர். அவர் பலகையின் ஒரு பக்கம் தெற்கின் வெண்முடி, மறுபக்கம் வடக்கின் செம்முடி. படத்துக்கு அடியில் 'மேல் எகிப்தின் முடி' என்று மட்டும் போட்டால் இந்தத் தெற்கு வடக்கு நகர்வு கண்ணில் படவே படாது.

பண்டைய எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியா வந்தால் கேட்கவே வேண்டாம். முதல் பாறைத்தடைக்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட பகுதியைக் 'கீழ் நூபியா' என்கிறார்கள். அது இருப்பது 'மேல் எகிப்துக்கு' தெற்கே, அதாவது ஆற்றோட்டப்படி இன்னும் மேலே. தென் எகிப்தைத் தாண்டினால் வட நூபியா என்று எழுதினால் வரைபடம் இல்லாமலே புரியும்.