எஸ்பிஎம் போஸ்டிங் 12 வாரம்: ரூல் என்ன சொல்லுது

எம்பிபிஎஸ் ஃபைனல் இயர் ரிசல்ட் வந்ததும் இன்டர்ன்ஷிப் போஸ்டிங் லிஸ்ட்ல நம்ம பசங்க முதல்ல தேடுறது எஸ்பிஎம் (கம்யூனிட்டி மெடிசின், அதாவது சமூக மருத்துவம்) எப்ப வருதுன்னுதான், ஏன்னா நீட் பிஜிக்கு (மேல்படிப்பு நுழைவுத்தேர்வு) படிக்க அதுதான் ஃப்ரீ டைம்னு சீனியர்ஸ் சொல்லி வச்சிருப்பாங்க. ரூல்புக்ல அப்படி எல்லாம் இல்ல.

இப்ப நடக்குறது 2021 நவம்பர் 18ல கெஜட்ல வந்த தேசிய மருத்துவ ஆணையத்தோட இன்டர்ன்ஷிப் விதிகள். நாம சிஆர்ஆர்ஐ, ஹவுஸ் சர்ஜன்னு சொல்றது இதைத்தான். மொத்தம் 12 மாசம், அதுல கம்யூனிட்டி மெடிசினுக்கு மட்டும் 12 வாரம். முன்னாடி 2 மாசமா இருந்துச்சு. மெடிசின், சர்ஜரிக்கே தலா 6 வாரம், ஓஜிக்கு (மகப்பேறு, மகளிர் நலம்) 7, அப்படின்னா யோசிச்சுக்கோங்க எதுக்கு எவ்வளவு வெயிட் குடுத்திருக்காங்கன்னு.

எஸ்பிஎம் போஸ்டிங்ல பீஹெச்சில (ஆரம்ப சுகாதார நிலையம்) என்ன வேலைன்னா, நம்ம ஊர்ல செவ்வாய்க்கிழமை ஏஎன் கிளினிக் (கர்ப்பிணி பரிசோதனை), புதன்கிழமை தடுப்பூசி, அந்த ரெண்டு நாளும் விஹெச்என் (கிராம சுகாதார செவிலியர்) அக்கா பக்கத்துல நின்னாலே பாதி எஸ்பிஎம் வந்துரும். தடுப்பூசி வைக்கிற ஐஎல்ஆர் ஃப்ரிட்ஜ்ல 2ல இருந்து 8 டிகிரி இருக்கணும்னு தேர்வுல எழுதியிருப்போம், ஆனா கரண்ட் போனா அவங்க முதல்ல ஓடிப்போய் எதைப் பாக்குறாங்கன்னு நேர்ல பாத்தாதான் தெரியும். பிக்மி நம்பர் (கர்ப்பப் பதிவு எண்), முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்து 18,000 ரூபா பத்தி எல்லாம் கர்ப்பிணிங்க உங்களைத்தான் கேப்பாங்க, "தெரியாதும்மா, அக்காவ கேளுங்க"ன்னு எத்தனை தடவை சொல்லுவீங்க?

அடுத்து லீவு, மாட்டிக்கிறதே இங்கதான். வருஷம் முழுக்க சேத்து 15 நாள்தான், அதுவும் முன்கூட்டியே பர்மிஷன் வாங்கி. அதுக்கு மேல போனா அத்தனை நாளும் எக்ஸ்டென்ஷன். பீஹெச்சில யாரும் பாக்க மாட்டாங்கன்னு கையெழுத்த மட்டும் ஃப்ரெண்டு கிட்ட போடச்சொல்லிட்டு ரூம்ல உக்காந்து படிக்கிறது ரொம்ப ரிஸ்க், லாக்புக்ல ஹெச்ஓடி (துறைத் தலைவர்) கையெழுத்து போடலன்னா அந்த போஸ்டிங்கையே திரும்ப பண்ணணும். நீட் பிஜிக்கு இந்த தேதிக்குள்ள இன்டர்ன்ஷிப் முடிச்சிருக்கணும்னு வருஷாவருஷம் ஒரு கட் ஆஃப் வேற வரும், ஒரு வாரம் இழுத்தாலும் அந்த வருஷமே போச்சு, எதுக்காக லீவு போட்டீங்களோ அந்த எக்ஸாமே எழுத முடியாது. பாஸ் ஆன தேதில இருந்து 2 வருஷத்துக்குள்ள மொத்தமும் முடியணும்ங்குறதும் இருக்கு.

ஸ்டைபண்டுக்கு (இன்டர்னுக்குத் தர்ற மாச உதவித்தொகை) விதில தொகை எதுவும் போடல, மாநிலமோ யுனிவர்சிட்டியோ முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டாங்க. எனக்கு இதுதான் பெரிய ஓட்டையா தெரியுது. ஒரு காலேஜ் இன்டர்ன்ஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்தான் 2023 அக்டோபர்ல இருந்து மாசம் 25,000 குடுக்கணும்னு ஆர்டர் வாங்கினாங்க. வெளிநாட்டுல படிச்சிட்டு வந்தவங்களுக்கும் இங்க படிச்சவங்களுக்கு சமமா ஸ்டைபண்ட் தரணும், இன்டர்ன்ஷிப்புக்குன்னு காலேஜ் ஃபீஸ் வாங்கக்கூடாதுன்னு 2022 மார்ச்லயே சர்க்குலர் வந்தாச்சு, யாராவது ஃபீஸ் கேட்டா அத பிரின்ட் எடுத்துட்டுப் போங்க.

ஃபர்ஸ்ட் இயர் பசங்க யாராவது இத படிச்சா, உங்களுக்கு இந்த எஸ்பிஎம் வேலை இப்பவே ஆரம்பிச்சாச்சு. ஃபேமிலி அடாப்ஷன் புரோகிராம்ல கிராமத்துல சில குடும்பங்கள உங்க பேர்ல குடுப்பாங்க, மூணாவது வருஷம் வரைக்கும் போய் பாக்கணும். போட்டோ எடுத்துட்டு வர்ற வேலையா ஆக்கிடாதீங்க ப்ளீஸ், ஒவ்வொரு தடவையும் பிபி பாத்து ஒரு நோட்ல எழுதி வைங்க.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பீஹெச்சில உக்காந்தா லீவு சர்டிபிகேட், ஃபிட்னஸ்னு ஆளுங்க வரிசையா வருவாங்க, "டாக்டர் தம்பி, ஒரு கையெழுத்துதானே"ம்பாங்க. இன்டர்ன் தன் கையெழுத்துல மெடிக்கல் சர்டிபிகேட், டெத் சர்டிபிகேட், போலீஸ் கேஸ் பேப்பர் எதுவும் குடுக்கக்கூடாது. எம்ஓ (மெடிக்கல் ஆபீசர்) ரூமைக் காட்டி விட்டுருங்க.