‘ஏர்னிங்ஸ்’ என்றால் வருமானமா?

பிரிட்டன் ஓய்வூதியம் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் இந்த வாக்கியத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது: “வருமானம் இல்லாதவர்களும் ஆண்டுக்கு 3,600 பவுண்டு வரை ஓய்வூதியத்தில் போட்டு வரிச் சலுகை பெறலாம்.” தொகை சரி. ‘வருமானம்’ தப்பு. சட்டம் பேசுவது ‘ஏர்னிங்ஸ்’ இல்லாதவர்களைப் பற்றி.

ஏர்ன் என்பது பழைய ஆங்கிலச் சொல். உழைத்துப் பெறுவது என்று பொருள். வருமானம் என்பது வரு + மானம், கட்டுமானம் பெறுமானம் மாதிரி. வந்தால் போதும், எப்படி வந்தது என்ற கேள்வியே அந்தச் சொல்லில் இல்லை.

இங்கேதான் காசு போகிறது. லண்டனில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டு, செலவு போக ஆண்டுக்கு 18,000 பவுண்டு பெறும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு வேலை இல்லை. அவருக்கு வருமானம் உண்டு. 12,570-க்கு மேற்பட்டதற்கு வரியும் கட்டுகிறார். குறிப்பைப் படித்துவிட்டு “3,600 வரம்பு வருமானம் இல்லாதவர்களுக்குத்தானே” என்று 8,000 பவுண்டு போடுகிறார். ஓய்வூதிய நிறுவனமும் வரிச் சலுகையாக 2,000 சேர்த்து 10,000 ஆக்கிவிடுகிறது. ஆனால் 2004-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் கணக்கில் வாடகை, வட்டி, பங்காதாயம், ஏற்கெனவே வாங்கும் ஓய்வூதியம் எதுவும் ஏர்னிங்ஸ் ஆகாது. சலுகையோடு அவர் போடக்கூடியது 2,880. அரசு சேர்ப்பது 720. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த 3,600. கூடுதலாக வந்த 1,280 பிரிட்டன் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.க்குத் திரும்பிப் போக வேண்டும். (விடுமுறைக்கு விடும் வீடுகளின் வாடகைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு இருந்தது. அதுவும் 2025 ஏப்ரலோடு போயிற்று.)

சரி, தமிழில் என்ன சொல்வது? சிலர் ‘ஊதியம்’ என்கிறார்கள். சொந்தமாகக் கடை வைத்திருப்பவரின் லாபமும் ஏர்னிங்ஸ்தான். அவருக்கு யார் ஊதியம் கொடுக்கிறார்கள்? போதாக்குறைக்கு ‘ஓய்வூதியம்’ என்ற சொல்லுக்குள்ளேயே ஊதியம் உட்கார்ந்திருக்கிறது. மாதாமாதம் ஓய்வூதியம் வாங்குபவர், தனக்கு ஊதியம் இருக்கிறது என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

தனித்தமிழ்க்காரர்கள் ‘ஈட்டம்’ என்பார்கள். ‘ஈட்டிய விடுப்பு’ தமிழக அரசு அலுவலகங்களில் புழங்குவதைச் சான்று காட்டுவார்கள். ஒப்புக்கொள்கிறேன், வினையாக ‘ஈட்டிய’ நன்றாகவே நிற்கிறது. பெயராக்கினால் சிக்கல்: ஈட்டம் என்பது சேர்த்துக் குவித்த பொருளையும் குறிக்கும். சேமிப்பைப் பற்றிய துண்டறிக்கையில் ‘ஈட்டம் இல்லாதவர்’ என்று எழுதினால், கையில் சேமிப்பு இல்லாதவர் என்றுதான் படிப்பார்கள். தூய்மை பார்த்துத் தெளிவைத் தொலைக்கும் பழக்கம் நம்மிடம் தீராத ஒன்று. ‘சம்பாத்தியம்’ காதுக்குப் பழகியது, ஆனால் ‘சொத்து சம்பாதித்தார்’ என்றும் சொல்கிறோமே, எல்லை தளர்ந்துவிட்டது.

என் வாக்கு ‘உழைப்பு வருமானம்’ என்பதற்கு. இரண்டு சொல்தான், ஆனால் வாடகையும் வட்டியும் தாமாகவே வெளியே நின்றுவிடுகின்றன. ‘உழைப்பு வருமானம் இல்லாத, 75 வயது நிரம்பாதவர்’ என்று எழுதினால், வீட்டுப் பொறுப்பில் இருக்கும் மனைவியும் கைக்குழந்தையும் வாடகை வாங்குபவரும் ஒரே வரிசையில் வந்துவிடுவார்கள். பணத்தை அவர்களே போட வேண்டும் என்பதில்லை. கணவரோ தாத்தாவோ போடலாம். இந்த ஆண்டு போடாத 3,600-ஐ அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதையும், கணக்கு ஏப்ரல் 5-இல் முடிகிறது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

‘வரி நிவாரணம்’ என்று எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிவாரணம் என்றால் நமக்கு வெள்ளமும் அரிசி மூட்டையும்தான் நினைவுக்கு வரும். ‘வரி விலக்கு’ அதைவிட மோசம், வரியே கட்டாத குழந்தைக்கு எதிலிருந்து விலக்கு? ‘வரிச் சலுகை’ போதும். ஆனால் “நீங்கள் போடுவதில் 20 சதவீதம் அரசு தரும்” என்று மொழிபெயர்க்காதீர்கள். 20 சதவீதம் என்பது 3,600 என்ற மொத்தத்தில். போடும் 2,880-இல் பார்த்தால் அது 25 சதவீதம். உங்கள் வாக்கியத்தை நம்பிக் கணக்குப் போடுபவருக்கு 576 வரும், 144 பவுண்டு எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்.