ஆர்டிடிஒய் ஓட்டுகிறீர்களா? பவரைப் பாதியாகக் குறையுங்கள்

சுங்கை சிப்பூட்டில் ரேடியோ பழுது பார்ப்பது என் தொழில். தோட்டத்து வாக்கிடாக்கி, கோயில் ஆம்ப்ளிஃபையர் என்று வரும் வேலைகளுக்கு நடுவே அமெச்சூர் ரேடியோ (பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்வது) நண்பர்களின் எச்எஃப் ரிக்குகளும், அதாவது சிற்றலையில் அனுப்பி வாங்கும் பெட்டிகளும் வரும். அவற்றில் பலவற்றுக்கு ஒரே கோளாறு: பவர் டிரான்சிஸ்டர்கள் வெந்துபோயிருக்கும். விசாரித்தால், "டிஜிட்டல்தான் ஓட்டினேன் அண்ணே. நூறு வாட் ரிக்கு, நூறு வாட்டுலதானே வச்சேன்?" என்பார்கள். டிஜிட்டல் என்றால் கம்ப்யூட்டர் வழியாக எழுத்துகளைத் தொனிகளாக்கி ரேடியோவில் அனுப்புவது. ஆர்டிடிஒய், எஃப்டி8 இரண்டும் அந்த வகை.

அந்த 100 வாட் பேச்சுக்குப் போட்ட கணக்கு. எஸ்எஸ்பி என்ற குரல் முறையில் பேசும்போது சொல்லுக்குச் சொல் இடைவெளி விழும். உச்சத்தில் 100 வாட்டைத் தொட்டாலும் சராசரி அதில் சிறு பங்குதான். ஆர்டிடிஒய்யில் 170 ஹெர்ட்ஸ் தள்ளி இரண்டு தொனிகள்: மார்க், ஸ்பேஸ். மார்க் இல்லாவிட்டால் ஸ்பேஸ், ஏதாவது ஒன்று போய்க்கொண்டே இருக்கும். அடுத்து என்ன தட்டலாம் என்று நீங்கள் யோசிக்கிற நேரத்திலும் முழு பவர்தான். எஃப்டி8 கொஞ்சம் பரவாயில்லை. 15 வினாடிச் சுற்றில் 12.64 வினாடி அனுப்பிவிட்டு அடுத்த சுற்று முழுக்க ஓய்வு. இதையெல்லாம் மத்தியான வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே செய்கிறோம். விசிறி தூசியடைத்துக் கிடக்கும். ஒரு ரிக்கைத் திறந்தபோது சூடு தணிக்கும் ஹீட்சிங்க் இடுக்கில் பல்லி ஒன்று கருவாடாகக் காய்ந்திருந்தது.

100 வாட் ரிக்கை ஆர்டிடிஒய்க்கு 50 வாட்டில் வையுங்கள். எஃப்டி8க்கு 25 போதும். குறைத்தால் கேட்காதே என்ற பயம் வேண்டாம். பாதியாகக் குறைத்தால் நஷ்டம் 3 டெசிபல், அதாவது சிக்னல் மீட்டரில் அரை எஸ்-யூனிட். எதிர்முனையில் மீட்டர் முள் லேசாக அசையும், அவ்வளவுதான். எஃப்டி8யோ காதுக்கே எட்டாத, இரைச்சலுக்கு 20 டெசிபல் கீழே கிடக்கிற சிக்னலையும் படித்துவிடும்.

பவரைக் கூட்டத் தூண்டுகிற இன்னொரு சங்கதி, திரையில் வரும் குப்பை எழுத்து. ஆர்டிடிஒய்யின் பாடோ குறியீட்டில் ஓர் எழுத்துக்கு 5 பிட், மொத்தம் 32 சேர்க்கைகள்தான். அதனால் எழுத்தும் எண்ணும் ஒரே குறியீட்டைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. எது என்று சொல்ல முன்னால் ஒரு ஷிப்ட் குறி வரும். நம் ஊர் இடிமழைக் காலத்தில் ஒரு மின்னல் வெடிப்பு அந்தக் குறியை விழுங்கினால் 599 (சிக்னல் நன்றாக வருகிறது என்ற குறிப்பு) என்பது 'டி ஓ ஓ' (TOO) என்று அச்சாகும். பழகியவர்கள் அதையே 599 என்று படித்துக்கொண்டு போவார்கள். எல்லாமே குப்பையாக வந்தால் ரிக்கில் எந்த சைட்பேண்ட் (அலையின் மேல்பக்கமா, கீழ்ப்பக்கமா) என்று பாருங்கள்: ஆர்டிடிஒய் வழக்கமாக லோயர் (கீழ்), எஃப்டி8 அப்பர் (மேல்).

அப்புறம் ஆடியோ. கம்ப்யூட்டர் ஒலியைக் கூட்டிவிட்டு ஏஎல்சி (ரிக் தானே அளவை அடக்கும் சுற்று) பார்த்துக்கொள்ளும் என்று விடுகிறவர்கள் அதிகம். 1000 ஹெர்ட்ஸ் தொனியை அளவுக்கு மீறித் திணித்தால் 2000த்திலும் அதன் நிழல் எழும். சிக்னல்களை வரைந்து காட்டும் வாட்டர்ஃபால் திரையில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் தெரிவார். ஏஎல்சி மீட்டர் அசையாத அளவுக்கு ஒலியை இறக்குங்கள், குரலைத் தூக்கிக்கொடுக்கும் ஸ்பீச் பிராசசரை அணையுங்கள். விண்டோஸின் 'டிங்' சத்தம் ரிக் பக்கம் போகாதபடி சவுண்ட் கார்டையும் பிரித்துவையுங்கள். 40 மீட்டர் அலைவரிசையில் அந்த 'டிங்'கைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. உங்கள் அழைப்புக்குறியோடு (நிலையத்தின் அடையாள எழுத்துகள்) சேர்ந்து போகும், யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

நான் அதிகம் அஞ்சுவது பிடிடி, அதாவது ரிக்கை அனுப்பவைக்கும் சுவிட்ச், மாட்டிக்கொள்வதைத்தான். ஆன்டெனாவின் ஆர்எஃப் (ரேடியோ அலை) யூஎஸ்பி வயரில் ஏறினால் லேப்டாப் உறைந்துவிடும். ரிக் அனுப்பிக்கொண்டே இருக்கும், நீங்கள் அடுக்களையில் தேநீர் கலக்கிக்கொண்டிருப்பீர்கள். வயரின் இரு முனையிலும் அதைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் போடுங்கள். ரிக்கின் மெனுவில், நேரம் கடந்தால் அனுப்புவதை நிறுத்தும் டைம்-அவுட் டைமர் இருக்கும், 3 நிமிடத்தில் வையுங்கள். மென்பொருளின் காவல் டைமரை மட்டும் நம்பாதீர்கள், அதுவும் லேப்டாப்போடு சேர்ந்தே உறைந்துபோகும்.

மழை இருட்டினால் ஆன்டெனாவை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுகிறார்கள். மின்னல் கரண்ட் வயரில் இறங்கி, லேப்டாப் சார்ஜர் வழியாக யூஎஸ்பியில் ஏறி ரிக்குக்குள் போகும். ஆன்டெனா, கரண்ட் வயர், யூஎஸ்பி மூன்றையும் கழற்றுங்கள்.