கந்தீலியில் மெழுகு இல்லை

கிரேக்கக் கதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவருபவர்களின் பிரதிகளைச் செப்பனிடுவது என் தொழில். அண்மையில் வந்த பிரதியிலும், 'கந்தீலி' என்ற கிரேக்கச் சொல் மெழுகுவர்த்தி ஆகிவிட்டதால், பாட்டி ஒருத்தி திருவுருவப் படத்தின் முன் தொங்கும் மெழுகுவர்த்தியில் ஆலிவ் எண்ணெய் ஊற்றுகிறாள். எண்ணெய் ஊற்றும் இடம் வந்த பிறகும் எழுதியவருக்கு ஐயம் எழவில்லை என்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

ஒலி ஒத்திருந்தால் பொருளும் ஒத்திருக்கும் என்ற நம்பிக்கையே இப்பிழையின் வேர். ஆங்கிலத்தின் 'கேண்டில்', கிரேக்கத்தின் 'கந்தீலி' ஆகிய இரண்டும் லத்தீன் 'கந்தேலா'விலிருந்து வந்தவை என்பது உண்மையே. ஆயினும் கிரேக்க வீட்டிலும் கோவிலிலும் கந்தீலி என்றால் எண்ணெயும் திரியும் இட்டு ஏற்றும் விளக்கு. மறுபுறம், ஆங்கில 'லேம்ப்' தீப்பந்தத்தைக் குறித்த பழைய கிரேக்கச் சொல்லான 'லம்பாஸ்' என்பதன் வழிவந்தது. அதே சொல்லின் இன்றைய வடிவமான 'லம்பாதா'வோ, ஈஸ்டருக்கு ஞானப்பெற்றோர் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பெரிய மெழுகுவர்த்தி. அதை நள்ளிரவில் கோவிலில் ஏற்றி, சுடர் அணையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, அதன் புகையால் நிலைப்படியின் மேற்கட்டையில் சிலுவைக் குறி இடுவார்கள். ஆக, கேண்டிலின் உறவு விளக்காகவும் லேம்பின் உறவு மெழுகுவர்த்தியாகவும் இடம் மாறி நிற்கின்றன. ஒலியை நம்பினால் இரண்டு இடத்திலும் தவறுவீர்கள்.

அன்றாட மெழுகுவர்த்திக்குக் கிரேக்கத்தில் 'கெரி' என்பார்கள். மெழுகுக்கும் அதுவே பெயர். கோவில் வாசலில் வாங்கி மணல்தட்டில் குத்திவைக்கும் மெல்லிய தேன்மெழுகுத் திரிகள் இந்த வகை.

விவிலியப் பகுதிகளில் இன்னும் கவனம் வேண்டும். 1611 ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு மத்தேயு 5:15 இல் 'கேண்டில்' என்று எழுதினாலும், மூலத்தில் இருப்பது 'லுக்னோஸ்' என்னும் எண்ணெய் விளக்கு. தமிழ் விவிலியம் அதை விளக்கு என்றே சரியாகச் சொல்கிறது. ஆங்கிலத்தைப் பார்த்து அதைத் தயவுசெய்து திருத்தாதீர்கள்.

பழைய ஆங்கிலக் கதைகளில் வரும் 'ஸ்னஃப்' பற்றியும் ஒரு சொல். அணைப்பதை மட்டுமல்ல, சுடர் தெளிவாக எரியக் கருகிய திரியைக் கத்தரிப்பதையும் அது குறிக்கும். விளக்கை அணைத்தவன் அடுத்த வரியில் கடிதம் படித்துக்கொண்டிருந்தால், பிழை உங்களுடையதே.

அகராதியின் முதல் பொருளை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். எண்ணெய், கண்ணாடிக் குவளை, தொங்கும் சங்கிலி ஆகியவை அருகில் இருந்தால் அது விளக்கு. 'அகீமித்தோ' என்ற அடைமொழி சேர்ந்தால் தயங்க வேண்டாம், தூங்கா விளக்கு என்றே எழுதுங்கள். அப்படியும் ஐயம் தீரவில்லையெனில், மூலச் சொல்லை ஓரத்தில் குறித்துக் கேள்விக்குறி இட்டு அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.