வழுநீக்கி

ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலை வேண்டிய வரியில் நிறுத்தி, மாறிகளின் பெறுமானங்களைத் திறந்து காட்டும் மென்பொருள் டிபக்கர். தமிழில் வழுநீக்கி. பிழைதிருத்தி என்றும் எழுதுவர். எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளுக்கும் அதே பெயர் வழங்குவதால் குழப்பம் வரும். உண்மையில் இக்கருவி எதையும் நீக்குவதில்லை. நிறுத்தும், காட்டும், நீக்குவது நிரல் எழுதியவர் வேலை.

டிபக்கர் என்ற சொல்லிலுள்ள 'பக்' என்றால் பூச்சி. 1947 செப்டெம்பர் 9 அன்று ஹார்வர்ட் மார்க் 2 கணினியின் ரிலேக்குள் அகப்பட்ட அந்துப்பூச்சியைப் பதிவேட்டில் ஒட்டிவைத்தார்கள். சொல் அங்கே பிறக்கவில்லை. கருவிக் கோளாறுகளை எடிசன் 1878இலேயே அப்படிக் குறித்திருக்கிறார்.

தமிழ் அந்தப் பூச்சியை எடுக்காமல் வழுவை எடுத்தது மிகப் பொருத்தம். திணை, பால், இடம் முதலியவற்றில் முறை பிறழ்வதை நன்னூல் வழு என்கிறது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கோ இச்சொல் 'பூச்சிய வழு'வாகவே (ஜீரோ எரர்; இங்கே பூச்சியம் என்பது சுழி) பழக்கம்: அளக்கும் கருவியிலேயே இருக்கும் வழு. வாசிப்பிலிருந்து அதைக் கழிக்காவிட்டால் விடை பிழைக்கும்.

வழுநீக்கிக்கும் பூச்சிய வழு உண்டு. அது பணிசெயல் முறைமைக்கு முறைமை மாறும். லினக்ஸில் பெரிதும் வழங்கும் வழுநீக்கியான ஜிடிபி, நினைவக முகவரிகளைக் கலைத்துப் போடும் வழக்கத்தை நிறுத்திவிட்டே நிரலைத் தொடங்கும். தனியே ஓடும்போது முறிந்து நின்ற நிரல் வழுநீக்கிக்குள் ஒழுங்காக ஓடுவது பலமுறை இதனால்தான். ஜிடிபியில் 'செட் டிஸேபிள்-ரான்டமைசேஷன் ஆஃப்' என்று கட்டளை கொடுத்துவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸில் விண்டிபக் என்ற வழுநீக்கி தொடங்கும் நிரலுக்குச் சோதனைக் குவியல் (டிபக் ஹீப்) என்ற தனி வகை நினைவகம் கிடைக்கும். தொடக்கப் பெறுமானம் கொடுக்காத நினைவகம் அதில் வேறு எண்களால் நிரம்பியிருக்கும். நிரலை முதலில் தனியே தொடங்கி, பிறகு வழுநீக்கியை அதனோடு இணைத்தால் இது நேராது.

லினக்ஸ் வகையான உபுண்டுவில் அப்படி இணைக்கப் போனால் 'அனுமதி இல்லை' என்று மறுக்கும். ஒரு நிரல் இன்னொன்றைப் பார்ப்பதைக் கட்டுப்படுத்தும் 'பிடிரேஸ் ஸ்கோப்' என்ற அமைப்பு 1 ஆக இருப்பதே காரணம். வழுநீக்கி தான் தொடங்கிய நிரலை மட்டும் பார்க்க அது விடும். நிர்வாகி உரிமை தரும் 'சூடோ' கட்டளையோடு வழுநீக்கியை ஓட்டுங்கள், அல்லது சோதனை முடியும்வரை அந்த அமைப்பை 0 ஆக்குங்கள். மேக்கில் ஜிடிபிக்குச் சான்றிதழ்க் கையொப்பம் வேண்டும். ஆப்பிளின் சொந்தச் சில்லுள்ள மேக்கில் எல்எல்டிபி என்ற வேறொரு வழுநீக்கியே வழி.

எல்லாம் சரியாக இருந்தும் எண்கள் மட்டும் மாறினால், சி மொழியின் 'லாங்' என்ற முழுஎண் வகையைப் பாருங்கள். 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் அது 8 பைட். 64 பிட் விண்டோஸில் 4. இது கருவியின் வழு அல்ல, நிரலின் வழு.